கிட்டார்க் கம்பிகளும் பின்னல் வளையங்களும்

கிட்டார் கற்கத் தொடங்கும் ஒருவருக்கு முதல் சில பாடங்களிலேயே மூன்று அல்லது நான்கு விரலமைப்புகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இடக்கை விரல்கள் இரண்டு மூன்று கம்பிகளை அழுத்திக்கொண்டிருக்கும். வலக்கை கம்பிகளை ஒருசேர வருடும். நான்கு எண்ணிக்கை ஆனதும் விரல்கள் அடுத்த அமைப்புக்கு மாறும். இவ்வளவுதான் வித்தை. ஆயினும் இந்த நான்கு அமைப்புகளை மாற்றி மாற்றி வாசித்தே எத்தனையோ பாடல்களுக்குத் துணையிசை தந்துவிடலாம்.

திருப்பூரில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பி, கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கிட்டார் பழகும் இளைஞருக்கும் இது தெரியும். 'சி'யிலிருந்து 'ஏ மைனர்', அதிலிருந்து 'எஃப்', பிறகு 'ஜி', மீண்டும் 'சி' என்று அவர் விரல்களை மாற்றுகிறார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், இந்த வரிசை மட்டும் ஏன் இனிக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது நான்கு அமைப்புகளை எடுத்து வரிசைப்படுத்தினால் ஏன் அப்படி இனிப்பதில்லை? இக்கேள்விக்கு விடை தேடினால் கிரேக்கம், ஸ்பெயின், சீனம், தஞ்சாவூர், மயிலாப்பூர் ஆகிய இடங்களுக்கெல்லாம் போய்வர வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நெய்தலும் பின்னலும்

திருப்பூர்ப் பகுதி வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். நெகமத்தில் சேலை நெய்கிறார்கள். சென்னிமலையில் போர்வை நெய்கிறார்கள். தறியில் முதலில் பாவு நூல் இழுத்துக் கட்டப்படுகிறது. அந்நூல்கள் துணியின் நீளம் முழுவதும் அறுபடாமல் செல்லும். அவற்றின் குறுக்கே ஊடை நூல் இங்கும் அங்கும் ஓடி வண்ணங்களையும் கரைகளையும் உண்டாக்கும். பாவு நிலையானது, ஊடை ஓடுவது.

பனியன் துணி இவ்வாறு உண்டாவதில்லை. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஊசி, நூலை ஒரு வளையமாக வளைக்கிறது. முன்பு உண்டான வளையத்தின் வழியே இப்புதிய வளையத்தை இழுக்கிறது. பழைய வளையம் புதியதைப் பிடித்துக்கொள்ள, புதியது அடுத்து வருவதைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போவதாலேயே அத்துணி இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. இடையில் ஒரு வளையம் அறுந்தால் அந்த வரிசையே அவிழத் தொடங்குவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் கருநாடக இசையைத் தறித்துணிக்கு ஒப்பிடலாம். கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் தம்பூரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதன் நான்கு தந்திகளும் 'ப ச ச ச' என்று சுருதி சேர்க்கப்பட்டவை. கடைசித் தந்தி மட்டும் கீழ்ச் 'ச'வை ஒலிக்கும். கச்சேரி முடியும்வரை இது மாறுவதில்லை. அந்த அசையாத ஒலி பாவு. அதன்மேல் இராகம் ஊடையாக ஓடுகிறது.

தம்பூராவின் ஒலி ஏன் அவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1921இல் இந்திய நரம்புக் கருவிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், வீணை, தம்பூரா ஆகியவற்றின் வளைந்த குதிரையையும், தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கப்படும் சிறு நூலையும் கவனித்தார். 'ஜீவா' என்று நம் கலைஞர்கள் அழைப்பது அந்த நூலைத்தான். அதைச் சற்றே நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்தினால், தந்தியின் அடிப்படை ஒலியோடு அதன் மேலொலிகள் பலவும் எழுந்து நிற்கின்றன. ஒரு துண்டு நூல் ஓர் இசைக்கருவிக்கு உயிர் கொடுப்பதால் அதற்கு ஜீவா என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

மேலையிசையின் துணையொலியோ பனியன் துணியைப் போன்றது. அங்கே அசையாத பாவு இல்லை. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் ஒரு தொகுதி, அடுத்த தொகுதிக்கு இடம் விட்டு மாறிக்கொண்டே போகிறது. இசைக்குழுவினர் 'கார்டு' என்று சொல்லும் இத்தொகுதியை இக்கட்டுரையில் 'கூட்டொலி' என்போம். ஒரு கூட்டொலியின் சுரங்களுள் ஒன்றோ இரண்டோ அடுத்ததிலும் இருந்தால், அச்சுரம் இரண்டையும் கோத்துப் பிடிக்கும் வளையமாகிறது.

இதை நம் சுரங்களிலேயே எழுதிப் பார்க்கலாம். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ச'வில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களைச் சேர்த்தால் 'ச க ப'. கிட்டாரில் 'சி'யைச் 'ச'வாகக் கொண்டால் இதுவே 'சி' என்னும் கூட்டொலி. இவ்வாறே 'த ச க' என்பது ஏ மைனர். 'ம த ச' என்பது எஃப். 'ப நி ரி' என்பது ஜி. இனி வரிசையைப் பாருங்கள்.

ச க ப என்பதிலிருந்து த ச க என்பதற்குப் போகும்போது 'ச', 'க' என்னும் இரு சுரங்கள் அப்படியே நிற்கின்றன. த ச க என்பதிலிருந்து ம த ச என்பதற்குப் போகும்போது 'த', 'ச' என்னும் இரண்டும் நிற்கின்றன. ம த ச என்பதிலிருந்து ப நி ரி என்பதற்குப் போகும்போது மட்டும் பொதுச் சுரம் எதுவும் இல்லை; அந்த இடத்தில் இசை ஒரு படி தாவுகிறது. கேட்பவருக்கு ஒரு சிறு எதிர்பார்ப்பு உண்டாகிறது. பிறகு ப நி ரி என்பதிலிருந்து ச க ப என்பதற்குத் திரும்பும்போது 'ப' இரண்டையும் இணைக்கிறது. 'நி' அரைச்சுரம் மேலேறி 'ச'வில் அடங்குகிறது. வீடு திரும்பிய நிறைவு ஏற்படுவது இதனால்தான்.

ஆகவே இனிய கூட்டொலி மாற்றம் என்பது பெரும்பாலும், சிலது நிற்க, சிலது நகர்வது. எல்லாம் நின்றால் அது தம்பூரா. ஒவ்வொரு முறையும் எல்லாமே தாறுமாறாக நகர்ந்தால் செவிக்குப் பிடி கிடைக்காது.

எண்கள் சொல்லும் உறவு

அது சரி, மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் அவை ஏன் முதலில் ஒத்துப்போக வேண்டும்? இக்கேள்வியை எண்களால் அணுகிய பழைய மரபு கிரேக்க அறிஞர் பித்தாகரசின் பெயரோடு வழங்குகிறது. அவர் வாழ்ந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஒரே இழுவிசையில் உள்ள ஒரு கம்பியைச் சரிபாதியாக்கினால் மேல் 'ச' கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் 'ப' கிடைக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் 'ம' கிடைக்கும். சிறிய முழு எண்களின் விகிதங்களே இனிமை தருகின்றன என்பது அம்மரபின் கண்டுபிடிப்பு.

இன்று நாம் கம்பியின் நீளத்துக்குப் பதிலாக அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறோம். எளிமைக்காக, 'ச' விநாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். தூய 'க' 300, 'ப' 360. இம்மூன்றையும் 60ஆல் வகுத்தால் 4, 5, 6 என்று வருகிறது. அடுத்து ம த ச: 320, 400, 480. இதை 80ஆல் வகுத்தாலும் 4, 5, 6. ப நி ரி: 360, 450, 540. இதை 90ஆல் வகுத்தாலும் அதே 4, 5, 6!

இம்மூன்று கூட்டொலிகளிலும் வரும் சுரங்களைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்: ச, க, ப, ம, த, நி, ரி. ஏழு சுரங்களும் வந்துவிட்டன, ஒன்றும் விடுபடவில்லை. இந்த ஏழு சுரங்களுக்குள் நடக்கும் ஒரு பாடல் எந்தச் சுரத்தில் நின்றாலும், அச்சுரத்தைத் தன்னிடம் கொண்ட ஒரு கூட்டொலி இம்மூன்றுக்குள் இருக்கும். 'மூன்று கார்டு தெரிந்தால் போதும், பாட்டு வாசிக்கலாம்' என்று கிட்டார்க்காரர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அன்று. அதற்குள் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஏ மைனரின் விகிதம் இதனினும் சற்றுச் சிக்கலானது. த ச க என்பதை 400, 480, 600 என்று எழுதினால் 10, 12, 15 என்று வரும். எண்கள் பெரிதாகும்போது ஒலியின் நிறமும் மாறுகிறது. 'மைனர்' கூட்டொலியில் சோகம் இழையோடுவதாகப் பலரும் உணர்கிறார்கள். இதில் விகிதத்தின் பங்கு எவ்வளவு, கேட்டுக் கேட்டு வந்த பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படும் பொருள்.

சிறிய எண்கள் ஏன் இனிக்கின்றன என்பதற்கு இயற்பியல் விளக்கம் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863இல் வெளியான ஒலியுணர்வு பற்றிய தம் நூலில் அவர் விம்மல்களைக் காரணமாகக் காட்டினார். 240 அதிர்வுடைய ஒலியும் 256 அதிர்வுடைய ஒலியும் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் வேறுபாடான 16 முறை, ஒவ்வொரு விநாடியிலும் ஒலி பெருத்துச் சிறுக்கும். இது செவிக்குக் கரகரப்பாகப் படுகிறது. 4, 5, 6 விகிதத்தில் உள்ள சுரங்களின் மேலொலிகள் பல ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடுவதால் இத்தகைய உராய்வு குறைகிறது.

ஒரு மருத்துவரின் சிறு நூல்

கூட்டொலி மாற்றங்களை எளிய மக்களுக்குக் கற்றுக்கொடுக்க முனைந்த முன்னோடிகளுள் ஒருவர் இசைப் பேராசிரியர் அல்லர், ஒரு மருத்துவர். ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவைச் சேர்ந்த ஹுவான் கார்லோஸ் அமாத், 1596இல் பார்சிலோனாவில் ஐந்து வரிசைக் கிட்டாரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அன்றைய கிட்டாரில் இரட்டைக் கம்பிகள் ஐந்து வரிசையாக இருந்தன. மேஜர் வகையில் 12, மைனர் வகையில் 12 எனக் கூட்டொலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்து வாசித்துவிடலாம். அந்நூல் பலமுறை மறுபதிப்பாகி, 18ஆம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. இத்தாலியிலோ எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொண்டு விரலமைப்புகளைக் குறித்தார்கள். இன்று பாடல் வரிக்கு மேலே 'சி', 'ஜி' என்று எழுதிவைத்து வாசிக்கும் முறை இவற்றின் வழித்தோன்றல் போன்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டொலிகள் ஏன் இப்படி ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதற்கு ஒழுங்கான கோட்பாடு வகுத்த பிரெஞ்சு இசையறிஞர் ராமோவின் நூல் 1722இல்தான் வெளிவந்தது. ஒவ்வொரு கூட்டொலிக்கும் வேர் போன்ற ஓர் அடிச்சுரம் உண்டு, கூட்டொலி மாற்றம் என்பது உண்மையில் அந்த வேரின் நகர்வே என்றார் அவர். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே விரல்கள் அந்த வழியில் நடந்து பழகியிருந்தன. கை முந்திக்கொண்டது, காரணம் பின்னால் வந்தது. தொழில் நுட்பங்கள் பலவற்றின் வரலாறும் இத்தகையதே. ஓடும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே ஊசி பழுதானதைக் கண்டுகொள்ளும் நிட்டிங் தொழிலாளர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

மெட்டுகள் போட்ட கணக்கு

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். வீணையிலும் இவை உண்டு. நாம் மெட்டு என்கிறோம். வீணையில் 24 மெட்டுகளை மெழுகின்மீது பதிக்கிறார்கள். நுண்ணிய செவியுடையவர் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சற்றே முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் இறுக அடிக்கப்பட்டவை. எனவே அவற்றின் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும்.

இக்கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கூட்டொலிக்குத் தூய்மையாக மெட்டுகளை அமைத்தால், வேறொரு கூட்டொலி அதே கருவியில் பிசகுகிறது. எல்லாக் கூட்டொலிகளும் ஓரளவு நன்றாக ஒலிக்க வேண்டுமானால், 'ச'வுக்கும் மேல் 'ச'வுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்க வேண்டும். இதற்கு லூட் என்னும் நரம்புக் கருவியின் மெட்டுகளுக்கு ஓர் எளிய வழி சொன்னவர் வின்சென்சோ கலீலி. இவர் விஞ்ஞானி கலீலியோவின் தந்தை. லூட் வாசிப்பதில் வல்லவர். கம்பியின் நீளத்தில் 18இல் ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு, எஞ்சிய நீளத்தில் 18இல் ஒரு பங்கு தள்ளி இரண்டாம் மெட்டு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று 1581இல் எழுதினார்.

இக்காலக் கிட்டாரின் கம்பி நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். கலீலியின் விதிப்படி பன்னிரண்டாம் மெட்டுக்குப் பிறகு 32.74 சென்டிமீட்டர் எஞ்சும். சரிபாதி 32.5. ஆக, பிழை இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு! 18க்குப் பதிலாக 17.817 என்று கொண்டால் பிழையே இராது. இந்தச் சமப் பகுப்பைத் துல்லியமாகக் கணக்கிட்டவர் சீனத்து மிங் அரசகுலத்தைச் சேர்ந்த சு சாய்யூ, ஆண்டு 1584.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். நம் எடுத்துக்காட்டில் 'ப' 360 ஆக இருக்க வேண்டும், கிட்டாரில் 359.6 ஆகிறது. இது யாருக்கும் தெரியாது. ஆனால் 300 ஆக இருக்க வேண்டிய 'க' 302.4 ஆகிவிடுகிறது. தம்பூராவோடு பாடிப் பழகிய செவிக்கு இந்த வேறுபாடு தெரியும். எந்தக் கூட்டொலிக்கும் தடையின்றி மாறும் உரிமையைப் பெறுவதற்காக, ஒவ்வொன்றிலும் சிறிது தூய்மையை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

காலுறை நூல் கம்பியான கதை

இன்றைய கிட்டாரின் உடலமைப்பை ஏறத்தாழ முடிவு செய்தவர் ஸ்பெயினின் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ்; காலம் 1817 முதல் 1892 வரை. அவர் காலத்திலும் அதன் பின்னும் கம்பிகள் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த பொருள் பின்னலாடை உலகத்துக்கு நன்கு அறிமுகமானது.

1935இல் அமெரிக்காவின் டூபான் நிறுவனத்தில் கரோதர்ஸ் தலைமையிலான வேதியியலார் நைலானை உருவாக்கினர். 1940இல் நைலான் நூலில் பின்னிய பெண்களின் காலுறைகள் அந்நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது குடல் நூல் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் இசைக்கலைஞர்களுக்குக் கம்பி கிடைக்கவில்லை. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கிட்டார் கைவினைஞர் நைலான் இழையைக் கம்பியாக்கிப் பார்த்தார். புகழ்பெற்ற ஸ்பானியக் கலைஞர் செகோவியா அதனை ஏற்றுக்கொள்ள, 1940களின் இறுதியிலிருந்து அது உலகெங்கும் பரவியது. குடல் கம்பியைப் போல் அது ஈரத்தில் எளிதில் கெடவில்லை. அடிக்கடி அறவும் இல்லை. கிட்டார் சாதாரண மக்களின் கைக்கு எட்டியதில் இந்த மலிவான இழைக்கும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் கூட்டொலி

சுரங்களுக்கு இடையே உறவு உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் நரம்புகளுக்கிடையே இணை, கிளை, பகை, நட்பு என்னும் நான்கு உறவுகள் பேசப்படுகின்றன. எந்த நரம்புக்கு எத்தனையாவது நரம்பு நட்பு, எது பகை என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். எனினும் யாழ் மீட்டிய தமிழர், ஒலிகளை உறவினராகவும் நண்பராகவும் பகைவராகவும் வகைப்படுத்திச் சிந்தித்தார்கள் என்பது தெளிவு. இதைக் கொண்டு அக்காலத்திலேயே கூட்டொலி இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறவை அறிவது வேறு. அந்த உறவின் வழியே அடித்தளத்தையே நகர்த்திச் செல்வது வேறு.

மேலையிசை இங்கு வந்தபோதும் முதலில் வந்தது கூட்டொலி அன்று. தனி இசையும் கருவியுமே வந்தன. முத்துசாமி தீட்சிதர் (1775-1835) ஐரோப்பிய இசைக்குழுக்களிடம் கேட்ட இசைக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். நோட்டுசுரம் எனப்படும் இவை ஏறக்குறைய நாற்பது. சங்கராபரண சுரங்களில் அமைந்தவை. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். வயலின் நம்முடையதாகிவிட்டது, ஆனால் கூட்டொலி வாசலிலேயே நின்றது. பாவு அசையாத தறியில் அதற்கு இடமில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்த உறவுகளை அறிவியல் கண்ணோடு பார்த்தவர்கள் இருவர். தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து, சம அளவான 24 என்று அவர் கணக்கிட்டு வாதாடினார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்தவரும் அறிவியல் பட்டதாரியுமான விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியே பழந்தமிழ்ப் பண்களை அதிர்வெண் கணக்கோடு ஆராய்ந்தார். இசையை எண்ணிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம் என்னும் துணிவை இவ்விருவரும் தமிழில் ஊட்டினார்கள்.

கூட்டொலியைக் காதுக்குப் பழக்கியது ஏட்டைவிடத் திரையே. தேவாலயப் பாடற்குழுக்களிலும், போத்தனூர் போன்ற இரயில்வே ஊர்களின் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புகளிலும் ஒலித்த மேலையிசை, திரைப்பாடலின் வழியேதான் எல்லோருடைய வீட்டுக்கும் வந்தது. 1940களில் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் வேலை பழகிய எம். எஸ். விசுவநாதன், பின்னர் இராமமூர்த்தியுடன் இணைந்து இசையமைத்த 'காதலிக்க நேரமில்லை' (1964) போன்ற படங்களில் மேலைத் தாளங்களும் கூட்டொலிகளும் இளமைத் துள்ளலோடு வந்தன.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்துவந்த இளையராஜா, 1960களின் இறுதியில் சென்னை வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார். திரையிசைக் கலைஞர் பலருக்கு அவர் ஆசான். இளையராஜா கிட்டார் வாசிப்பதில் தேர்ந்து, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்விலும் வென்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது.

கிராமத்துப் பாடலுக்குக் கூட்டொலி பொருந்தாது என்று அதுவரை எண்ணியவர்களும் இருந்திருக்கலாம். நாட்டுப்புறப் பாடலின் சுர ஓட்டத்தை மாற்றாமல், அதன் கீழே தரையை மட்டும் நகர்த்தினால் பாட்டுக்குப் புதுப் பொருள் பிறக்கிறது என்பதை இளையராஜாவின் பாடல்கள் காட்டின. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் கிட்டார் வெறும் துணையாக நில்லாமல் பாடகருக்கு நிகராகவே பேசியது. அந்த ஆண்டுகளில் கிட்டார் வாங்கிய இளைஞர் பலர் அந்தப் படத்தின் பாட்டைத்தான் முதலில் வாசித்துப் பார்க்க விரும்பினார்கள்.

விரல்களில் அதே கணக்கு

இப்போது கிட்டாரைக் கையில் எடுப்போம். மெல்லிய கம்பி முதலாவது. தடித்த கம்பி ஆறாவது. 'சி'க்கு மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் மெட்டிலும், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் மெட்டிலும், சுட்டுவிரல் இரண்டாம் கம்பியில் முதல் மெட்டிலும் இருக்கும். ஆறாம் கம்பியை விட்டுவிடுங்கள்.

ஏ மைனருக்கு மாற மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் கம்பியில் இரண்டாம் மெட்டில் வையுங்கள். மற்ற இரு விரல்களும் அசைய வேண்டியதில்லை. அவை எந்தச் சுரங்களை அழுத்திக்கொண்டிருக்கின்றன தெரியுமா? நடுவிரலின் கீழ் 'க'. சுட்டுவிரலின் கீழ் 'ச'. முன்பு தாளில் எழுதிப் பார்த்தோமே, அந்தப் பொதுச் சுரங்களேதாம். செவிக்கு எது நிற்கிறதோ அதுவே விரலிலும் நிற்கிறது!

இனி எஃப். முழு அமைப்பு தொடக்கத்தில் கடினம். எனவே நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளை மட்டும் வாசியுங்கள். நான்காம் கம்பியில் மூன்றாம் மெட்டு, மூன்றாம் கம்பியில் இரண்டாம் மெட்டு, இரண்டாம் கம்பியில் முதல் மெட்டு: ம, த, ச. ஏ மைனரிலிருந்து வரும்போது 'த', 'ச' ஆகியவற்றின் இடம் மாறவில்லை. 'க' மட்டும் ஒரு மெட்டு ஏறி 'ம' ஆயிற்று. விரலைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்: நான்காம் கம்பிக்கு மோதிர விரல், மூன்றாம் கம்பிக்கு நடுவிரல்.

இதே வடிவத்தைக் கலைக்காமல் இரண்டு மெட்டு மேலே தள்ளுங்கள். அதுதான் ஜி: ப, நி, ரி. இங்கே பொதுச் சுரம் ஒன்றும் இல்லை. ஆனால் கையின் வடிவம் மாறவில்லை. காரணம், இரண்டின் விகிதமும் 4, 5, 6 என்பதே. பிறகு 'சி'க்குத் திரும்புங்கள்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கை கொடுத்து மெதுவாகப் பழகுங்கள். வேகம் தேவையில்லை, மாறும் இடத்தில் தாளம் நிற்காமல் இருந்தால் போதும். நிற்கும் விரலைத் தேவையின்றித் தூக்குவதே கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம்?

கூட்டொலி எல்லாப் பாடலுக்கும் பொருந்துமா? பொருந்தாது. தோடி போன்ற இராகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதே அரிது. அது அசைந்து, வளைந்து, அடுத்ததைத் தொட்டு மீள்கிறது. அந்த அசைவே இராகத்தின் உயிர். கீழே அசையாத மெட்டுகளில் பிறந்த கூட்டொலியை வைத்தால், ஓடும் நீரைக் கட்டம் கட்டமாக வெட்ட முயல்வது போலாகும். நேரான சுரங்களில் நடக்கும் தாலாட்டு, கும்மி, சங்கராபரணச் சாயலுள்ள எளிய பாடல் ஆகியவற்றில் கூட்டொலி இயல்பாகப் பொருந்தும். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்தறியும் செவிதான் கிட்டார்க்காரனுக்குத் தேவையான முதல் கருவி. விரலமைப்புப் படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்பவருக்கு அந்தப் படத்தில் உள்ள பாட்டுகள் மட்டுமே கிடைக்கும். எந்தச் சுரம் நிற்கிறது, எது நகர்கிறது என்று கேட்கப் பழகியவர், யாரும் எழுதித் தராத பாட்டுக்கும் தாமே துணையிசை கண்டுகொள்வார். ஆசிரியருக்குக் கட்டணம் கொடுக்க இயலாத இளைஞருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

நெய்த துணி உயர்ந்ததா, பின்னிய துணி உயர்ந்ததா என்று திருப்பூரில் யாரும் கேட்பதில்லை. வேட்டியை நெய்ய வேண்டும்; பனியனைப் பின்ன வேண்டும். பாவு அசையாமல் நிற்பதால் பெறும் அழகு ஒன்று. வளையம் வளையத்தைப் பிடித்து நீள்வதால் பெறும் அழகு வேறொன்று. இசையிலும் அப்படியே.

முடிவாக ஒரு சோதனை. நண்பர் ஒருவரிடம் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, 'க' என்னும் ஒரே சுரத்தை நீங்கள் நீட்டிப் பாடுங்கள். அவர் முதலில் 'சி' வாசிக்கட்டும். பிறகு ஏ மைனர். பிறகு ஈ மைனர். ச க ப, த ச க, க ப நி ஆகிய மூன்றிலும் உங்கள் 'க' இருக்கிறது. நீங்கள் சுரத்தை அணுவளவும் மாற்றவில்லை. ஆயினும் முதலில் அது தெளிவாகவும், அடுத்துச் சற்று ஏக்கமாகவும், மூன்றாவதில் ஏதோ தொலைவிலிருந்து வருவது போலவும் உங்களுக்குத் தோன்றக்கூடும். உங்கள் செவி வேறு விதமாகச் சொன்னால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.